"நான் இப்படித்தான்"

(ஹனூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "மாற்றம் ஒன்றே மாறாதது" என்றுதான் தொடங்குவார்கள். அந்த வாக்கியத்தை மேடைகளில் கேட்டுக் கேட்டு எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. வேலை போனவரிடம், கணவரை இழந்தவரிடம், பிள்ளையை வெளியூர் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் தாயிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். யாருக்கும் அதனால் ஒரு வாய் சோறு இறங்காது. உலகம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே எல்லாம் மாறும்போது உள்ளே இருக்கிற ஆள் எப்படி மாறுகிறார், ஏன் மாற மறுக்கிறார் என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதைப் பேச ஹனூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1956-க்கு முன்னால் இந்த ஊர் எங்கே இருந்தது என்று இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொள்ளேகால் தாலுகா முழுவதும் அன்று சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று இது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1973-ல் அந்த மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதன் பிறகு கொள்ளேகாலிலிருந்து பிரிந்து ஹனூரே ஒரு தாலுகா ஆனது. 1956-ல் பத்து வயதுச் சிறுமியாக இருந்த ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அந்தத் தெருவைவிட்டு ஒருநாளும் குடிபெயராமல், மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்.

மாநிலம் மாறிய ஐந்தே மாதத்தில் காசும் மாறியது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று விரல் மடித்துக் கணக்குப் போட்ட கைகள், நூறு பைசா ஒரு ரூபாய் என்று பழக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கிலோவும் மெல்ல மெல்ல வந்து வீசையையும் சேரையும் ஒதுக்கியது. நிலக் கணக்கைச் சிட்டா, அடங்கல் என்று கேட்டுப் பழகிய குடியானவர் தாலுகா ஆபீசில் பஹணி என்று கேட்கக் கற்றுக்கொண்டார்.

கன்னடம் பேசுகிற குடும்பங்களுக்கு அந்த நவம்பர், சொந்த வீட்டுக்குத் திரும்பிய நாள். அவர்கள் மகிழ்ந்ததில் நியாயம் இருக்கிறது. இந்தத் தாலுகாவில் அவர்களே அதிகம். கோபிநத்தம், மார்டள்ளி போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வேறு விதமாக விடிந்தது. அரசாங்கத்தின் மொழி மாறிவிட்டது. மனு, ரசீது, தீர்ப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் எல்லாம் மாறப்போகின்றன. அந்த வீடுகளில் இரண்டு விதமான பேச்சும் எழுந்திருக்கும். "நம்ம பாஷை நமக்குப் போதும், இந்த வயசுல இனி என்ன புதுசா படிக்கிறது" என்பது ஒன்று. "கத்துக்குவோம், கத்துக்கிட்டா காசா பணமா" என்பது இன்னொன்று.

இரண்டாவது பேச்சுப் பேசியவர்கள் எதை இழந்தார்கள்? இந்த ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். கடைத்தெருவில் கன்னடம் பேசிவிட்டு வீட்டுக்குள் காலை வைத்ததும் தமிழுக்கு வருகிற ஆட்களை இன்றும் பார்க்கலாம். கன்னடம் கற்றதால் தமிழ் போய்விடவில்லை. முதல் பேச்சையே பிடித்துக்கொண்டு நின்றவருக்குத் தன் நிலத்துக்கு ஒரு மனு எழுதக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் மாற மறுத்தார். அந்த மானத்தோடுதான் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் முன்னால் காத்து நின்றார்.

நான் இன்று சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். மாற்றத்துக்கு மனம் ஒப்பியவருக்கு, எதை விடுவது, எதைக் கையிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கிற இடம் கிடைக்கிறது. மறுத்து நிற்பவருக்கு அந்த இடம் இல்லாமல் போகிறது; அவருக்காகக் காலமும் அடுத்தவர்களும் தீர்மானிக்கிறார்கள். கன்னடம் கற்றவர் தமிழைத் தானே தேர்ந்து வைத்துக்கொண்டார்.

ஏன் மறுக்கிறோம்? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். மாற மறுப்பவர்களில் கடும் உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன். காரணம் வேறு. 2013-ல் குவாட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 வயது முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். சிலரிடம், கடந்த பத்து ஆண்டில் உங்கள் குணமும் விருப்பமும் மதிப்புகளும் எவ்வளவு மாறின என்று கேள்வி. மற்றவர்களிடம், வரும் பத்து ஆண்டில் எவ்வளவு மாறும் என்று கேள்வி. கடந்த காலத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் நிறைய மாறியிருக்கிறோம் என்றார்கள். வருங்காலத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள், அதே வயதுக்காரர்கள், இனி அவ்வளவாக மாறமாட்டோம் என்றார்கள். இருபது வயதுக்காரரும் அப்படித்தான், ஐம்பது வயதுக்காரரும் அப்படித்தான்.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பு கூடுகிறது. வந்த வழி முழுக்கத் திருப்பங்கள் என்று நமக்கே தெரிகிறது. ஆனாலும் இன்றைய இடத்தை வந்து சேர்ந்த ஊர் என்று நினைத்துக்கொள்கிறோம். "நான் இப்படித்தான்" என்று நாம் சொல்லும்போது அதில் பெருமை இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. உண்மை மட்டும் குறைவாக இருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன்னாலும் இதே குரலில் இதையே சொன்னோம்; அன்றைய "இப்படி"க்கும் இன்றைய "இப்படி"க்கும் எவ்வளவு தூரம்! ஆகையால் ஐம்பது வயதில் ஒருவர் "இனி நான் மாறமுடியாது" என்றால், அவருடைய கடந்த காலமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒடெயர்பாளையம் இருக்கிறது. அங்கே திபெத்தியர்கள் வாழும் தோண்டென்லிங் குடியிருப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். சந்தையில் அவர்களைப் பார்க்கிறீர்கள், பேசுகிறீர்கள். 1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவர் பின்னால் வந்த மக்களுக்கு முதலில் நிலம் கொடுக்க முன்வந்தவர்களில் மைசூர் மாநில முதல்வராக இருந்த நிஜலிங்கப்பா முக்கியமானவர். முதலில் பைலகுப்பேயில் குடியிருப்பு எழுந்தது. பிறகு முண்டகோடு, ஹுன்சூர். 1970-களில் இங்கே, உங்கள் பக்கத்தில்.

அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிற பீடபூமியிலிருந்து. பனி, யாக் மாடு, பார்லி மாவு. அந்த மக்களைக் கொண்டுவந்து வானம் பார்த்த பூமியில், சித்திரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? பார்லி இங்கே விளையாது. மக்காச்சோளம் போடக் கற்றுக்கொண்டார்கள். மழையை நம்பி உழக் கற்றுக்கொண்டார்கள். மானாவாரி விளைச்சல் வருஷம் முழுக்கக் காணாது என்று தெரிந்ததும், குளிர்காலத்தில் நகரம் நகரமாகப் போய் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றார்கள். இந்தியாவெங்கும் உள்ள திபெத்தியக் குடியிருப்புகளுக்கு அந்த வியாபாரம்தான் பெரிய ஆதாரம் ஆயிற்று. குளிரை அறிந்த மக்கள் அந்த அறிவையே பிழைப்பாக மாற்றிக்கொண்டார்கள். சாப்பாடு, தொழில், தட்பவெப்பம், அக்கம்பக்கம் எல்லாம் மாறின. மொழியை விடவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். வழிபாட்டை விடவில்லை. இங்குள்ள ஜோக்சென் மடாலயத்தை 1992-ல் தலாய் லாமாவே வந்து திறந்துவைத்தார்.

அந்தக் குடியிருப்பின் முதல் தலைமுறைக் கிழவர்களில் எத்தனையோ பேர் அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்போடு வந்திருப்பார்கள். அந்த நினைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பும்வரை எதையும் நடமாட்டோம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் இன்று அங்கே வயலும் இருந்திருக்காது, மடாலயமும் இருந்திருக்காது. ஊர்மேல் ஏக்கத்தை வைத்துக்கொண்டே வந்த மண்ணில் விதை போட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். மாறுவதற்கு முன் ஏக்கத்தைத் தொலைத்தாக வேண்டும் என்று சிலர் புத்தி சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். அழுதுகொண்டே கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். யார் என்ன செய்தாலும் ஏற்றுக்கொண்டு மாறிக்கொள் என்கிறீர்களா, அநியாயத்துக்கும் ஒத்துப்போகச் சொல்கிறீர்களா என்று ஒரு தம்பி என்னைக் கேட்கலாம். நல்ல கேள்வி. பதிலைச் சோலிகர்களிடமிருந்து எடுத்துச் சொல்கிறேன்.

மாதேஸ்வரன் மலையிலும் பிளிகிரிரங்கன் மலையிலும் காலங்காலமாக வாழ்கிறவர்கள் சோலிகர்கள். காட்டை எரித்துச் சிறிது காலம் பயிர் செய்து, பிறகு அந்த இடத்தை விட்டு நகர்கிற விவசாயம் அவர்களுடையதாக இருந்தது. தேன், நெல்லிக்காய், கிழங்கு எடுப்பார்கள். கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்த சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்பார்கள். பெருந்தீ வராமல் அது காக்கும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையொட்டிச் சரணாலயங்கள் வந்தன. நகரும் விவசாயம் நின்றது, வேட்டை நின்றது, சருகுத் தீயும் நின்றது. அந்தத் தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சோலிகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கும் செடிதான்: முள், கொத்துக் கொத்தாய்ச் சின்னப் பூக்கள். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது, மற்ற கன்றுகள் எழாது. மூங்கில் பின்னிப் பிழைத்தவர்களுக்கோ மூங்கில் கிடைப்பதே அரிதாயிற்று.

அப்போது அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். எனக்கு இரண்டும் சம அளவு பெரியவை. ஏட்ரீ என்ற பெங்களூர் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சியோடு, மாதேஸ்வரன் மலைப் பகுதியில் உண்ணிச்செடியையே மூங்கிலுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். தண்டை வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து நாற்காலியும் கூடையும் செய்தார்கள். பின்னுகிற கை அதே கை. கையிலிருக்கிற பொருள் மட்டும் மாறியது. காட்டைக் கெடுத்த செடி வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது.

இரண்டாவது காரியம்: காட்டின் மேலுள்ள உரிமையை விடாமல் கேட்டார்கள். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மனுக் கொடுத்து, கிராம சபை கூட்டி, 2011-ல் பிளிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் சமுதாய வன உரிமை பெற்றார்கள். இந்தியாவின் புலிகள் காப்பகங்களில் அப்படி உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள்தான். டாக்டர் சுதர்சன் 1981-ல் அங்கே தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம், பள்ளியும் மருத்துவமனையுமாக, அந்த மக்களுக்குப் படிப்பும் துணிவும் கொடுத்தது. அதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். சட்டம் படிக்கவும் மனு எழுதவும் அதிகாரி எதிரே உட்கார்ந்து பேசவும் ஒரு காட்டுச் சமூகம் கற்றுக்கொண்டது எவ்வளவு பெரிய மாற்றம்! தன்னை மாற்றிக்கொள்ளத் தயங்காதவர்களால்தான் அநியாயத்தையும் எதிர்க்க முடிந்தது. கற்றுக்கொள்ள மறுத்திருந்தால் அந்த உரிமையைக் கேட்கக்கூட வழியிருந்திருக்காது. தம்பி, எதிர்க்க வேண்டியதை எதிர்த்துத்தான் ஆகவேண்டும். எதிர்ப்பதற்கு முதலில் நாம் பலப்பட வேண்டும், பலப்படுவதும் மாறுவதுதான்.

இப்போது கோபிநத்தத்துக்கு வருகிறேன். இந்த மண்ணில் நின்று மனிதன் மாறுவதைப் பற்றிப் பேசிவிட்டு அந்த ஊரைத் தொடாமல் போனால் அது நேர்மையாகாது.

சந்தனக் கடத்தல் வீரப்பன் 1952-ல் அங்கே பிறந்தார். அந்தப் பெயரால் இந்தத் தாலுகா பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராமாபுரம் காவல் நிலையம், மீண்யம் காடு, பாலாறு என்று அவர் கூட்டம் தாக்கிய இடங்கள் பல. 2002-ல் காமகெரேயிலிருந்து முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்து மக்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். அவரைத் தேடிய அதிரடிப் படையின் கொடுமைக்கு ஆளானவர்கள் 89 பேருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வனத்துறை அதிகாரி இருந்தார். பெயர் பி. சீனிவாஸ். ராஜமுந்திரிக்காரர், இந்திய வனப் பணியில் சேர்ந்து இந்தப் பகுதிக்கு வந்தவர். 1986-ல் வீரப்பன் பிடிபட்டுக் காவலிலிருந்து தப்பியதையும் பார்த்தவர். வேறொருவராக இருந்தால் அதன் பிறகு கோபிநத்தம் என்ற பெயரைக் கேட்டாலே கோபம்தான் வந்திருக்கும். சீனிவாஸ் அந்த ஊருக்கே போய்த் தங்கினார். குடிநீருக்கும் சாலைக்கும் ஏற்பாடு செய்தார், மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார், ஊர் மக்களோடு சேர்ந்து மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார். வீரப்பன் கூட்டத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களோடு பேசினார். சரணடையச் சொன்னார்; கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். துப்பாக்கி பிடித்தவனும் மாறலாம் என்று அவர் நம்பினார். வீரப்பனும் சரணடையத் தயார் என்று சேதி வந்தபோது, ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் நடந்துபோனார். 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். அவருக்கு வயது 37. அடுத்த ஆண்டு கீர்த்தி சக்ரா அறிவித்தார்கள்.

அவர் ஏமாந்தார் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மனிதரை அவர் தவறாக எடைபோட்டார், உண்மைதான். ஊரை அவர் தவறாக எடைபோடவில்லை. அவரை நினைத்து வணங்குகிறவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இன்று கோபிநத்தத்தில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம் நடத்துகிறது. எங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து காவிரிக் காட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முப்பது ஆண்டுக்கு முன்னால் நுழையவே பயந்த காடு அது.

அந்த ஊர் மாறிவிட்டது. வெளியே இருக்கிறவர்களின் பேச்சு மாறிவிட்டதா? அங்கே பிறந்த பிள்ளை பெங்களூரில் வேலைக்குப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் முதலில் என்ன வருகிறது? 2004-ல் இறந்துபோன ஒருவரின் கணக்கை அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? ஒருவர் மாறாமல் இருப்பதற்கு அவருடைய மனம் பாதிக் காரணம் என்றால், சுற்றி இருக்கிற நாம் மீதிப் பாதிக் காரணம். நமக்குத் தெரிந்த ஆள் நமக்குத் தெரிந்தபடியே இருந்தால்தான் நமக்கு வசதி. நாற்பது வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிற பெண்ணைப் பார்த்து "எதுக்குடி இந்த வயசுல" என்று கேட்பது யார்? பக்கத்து வீட்டுக்காரர்தான், நாத்தனார்தான், சில வீடுகளில் கட்டிய கணவர்தான். அதுவரை சமையற்கட்டுக்குள் வராத ஒருவர், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அடுப்பைப் பற்றவைத்தால் "என்னண்ணே, பொம்பளை வேலை பார்க்கிறீங்க" என்று சிரிப்பது யார்? அவர்கள் மாறத் தயாராக இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த நாம்தான் தயாராக இல்லை.

பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளை போனில் மனுப் போடச் சொல்லிக்கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அணாவிலிருந்து பைசாவுக்கு வந்தவர்கள் நீங்கள், இதுவும் வரும். தாய்மார்களே, தையலோ கன்னட எழுத்தோ மாலை வகுப்புக்குப் போகிறவர்கள் துணைக்கு இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் நாலு கேலிப் பேச்சில் நின்றுவிடும், இரண்டு பேராகப் போனால் நிற்காது.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்திலேயே குடியை விட்டவர்கள் இருப்பார்கள். விடப் பார்க்கிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் உடம்போடு மட்டும் சண்டை போடவில்லை, பழைய சிநேகிதர்களோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால், திருவிழா ராத்திரியில், ஒருவர் தோளில் கை போட்டு "இன்னிக்கு ஒருநாள் தானேப்பா" என்பார். ஆறு மாதம் கட்டிக் காத்தது அதில் உடைந்துபோகும். அந்தச் சொல்லை உங்கள் சிநேகிதரிடம் சொல்லாதீர்கள். வேறு யாராவது சொன்னால் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் சிநேகிதரைச் சாப்பாட்டுப் பந்திக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், கன்னடத்திலும் கேட்கலாம்.